அத்தியாயம் 7: ரேஸ் எஞ்சினுக்கு வால்வு ஸ்பிரிங் அமைப்பது

உங்களிடம் இருப்பது ஆர்.எக்ஸ். 100 என்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். "அதிலும் ரீட் வால்வு உண்டே" என்பீர்கள். உண்டுதான், ஆனால் அதற்கு ஸ்பிரிங் கிடையாது. இங்கே பேசப்போவது புல்லட், அப்பாச்சி, பல்சர் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களைப் பற்றி. போன அத்தியாயத்தில் சொன்னபடி ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, மேசைமேல் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பிரிங்கின் வேலை வால்வை மூடுவது மட்டுமில்லை. கேம் எப்படி வளைகிறதோ அப்படியே வால்வையும் அதன் கூடவே ஓடவைக்க வேண்டும். எஞ்சின் 9,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது கேம் 4,500 சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 தடவை திறந்து மூடும். 8,000-லிருந்து 9,000-க்கு ஏற்றினால் வேகம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் வால்வைத் திருப்பி இழுக்கத் தேவையான விசை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஸ்பிரிங்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் வால்வு கேமை விட்டுப் பிரிந்து பறக்கும். இதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். பறந்த வால்வு இறங்கிவரும் இடத்தில் பிஸ்டன் இருந்தால் கதை முடிந்தது. தியரி இவ்வளவு போதும்.

## என் முதல் ஹெட்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் சீட் வெட்டக் கொடுத்திருந்தேன். திருப்பித் தரும்போது அந்தப் பெரியவர், "தம்பி, சீட்ட கொஞ்சம் இறக்கித்தான் வெட்டியிருக்கேன், பாத்துக்க" என்றார். "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 'பாத்துக்க' என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சீட்டை இறக்கி வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறி உட்காரும். தண்டின் நுனி அதே அளவு மேலே வரும், ஸ்பிரிங்கின் தலையைப் பிடித்திருக்கும் ரிடெய்னரும் மேலே வரும். அதனால் ஸ்பிரிங் உட்காரும் இடம் நீளமாகிவிடும். நீளமான இடத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நிற்கும். புத்தம் புது ஸ்பிரிங் போட்டிருந்தேன், அதனால் அதைச் சந்தேகப்படவே இல்லை. மூன்றாவது லேப்பில் எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனை முத்தமிட்டது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் தலையில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. அளந்தால் உயரம் 0.8 மி.மீ. கூடியிருந்தது. ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு ஷிம், அதாவது மெல்லிய வளையத் தகடு, போட்டிருந்தால் போதும். பெரியவர் எச்சரித்துவிட்டார், தவறு என்னுடையதுதான்.

"ரேஸுக்கு டைட்டான ஸ்பிரிங் போடு" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எந்த உயரத்தில் டைட் என்று யாரும் சொல்வதில்லை. இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது அந்த உயரத்தைத்தான்.

## ஸ்பேனரை எடுக்கும் முன்

விதிப் புத்தகத்தைப் படியுங்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தன் சொந்தத் தடத்திலும் ரேஸ் நடத்திவருகிறது. வகுப்புக்கு வகுப்பு விதி மாறும். ஒன்றில் ஸ்பிரிங்கை மாற்றலாம், இன்னொன்றில் கம்பெனி ஸ்பிரிங்தான் இருக்க வேண்டும். ஷிம் போடலாமா என்பதும் அப்படித்தான். நீங்கள் ஓடப்போகும் வகுப்புக்கு, ஓடப்போகும் ஆண்டின் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்து வெற்றியை ரத்து செய்தால் யாரிடம் போய் முறையிடுவது?

## என்னென்ன வேண்டும்

வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். பைக் ஹெட்டுக்கு 'சி' வடிவ கிளாம்ப் போதும். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கிளாம்ப் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் வெர்னியரை அங்கே வாங்காதீர்கள். அப்படியே வாங்கினாலும், தாடையை மூடி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் புதிதாகவே வாங்குவது நல்லது. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள். ஆயில் சீல், வால்வு லாக், கேஸ்கெட் எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும்.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங் வாங்காதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் அங்கே தேடலாம், இதை மட்டும் வேண்டாம். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் மேல்பரப்பில் உள்ள ஒரு சின்னத் துருக் குழியில்தான் தொடங்குகிறது. நம் பக்கத்துக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். அப்படி முழுகி எழுந்த எஞ்சின்களின் பாகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. துணியால் துடைத்தால் பளபளக்கும். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும்.

மீதிச் சாமான்கள்: டிரில்லிங் மெஷின் (மேசையில் நிற்கும் வகை), கிலோவில் எடை காட்டும் தட்டையான தராசு, சிறுவர்கள் விளையாடும் கலர் களிமண், சைக்கிள் ஸ்போக் ஒன்று, பழைய வெள்ளை வேட்டி ஒன்று. கடைசி இரண்டும் எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

## பாதுகாப்பு

- அழுத்திய ஸ்பிரிங் கிட்டத்தட்ட 50 கிலோ விசையை அடக்கி வைத்திருக்கிறது. கண்ணாடி அணியாமல் கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். மூக்குக் கண்ணாடி பத்தாது, பக்கவாட்டில் மறைப்புள்ள கண்ணாடி வேண்டும்.
- கம்ப்ரஸருக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். லாக்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.
- டிரில்லிங் மெஷினில் ஸ்பிரிங்கை அளக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.
- ஸ்பிரிங்கைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், அங்கே உடையும்.
- வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

## நான்கு எண்கள்

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பொருத்திய உயரம்: வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் நீளம்.
2. சீட் அழுத்தம்: அந்த உயரத்தில் ஸ்பிரிங் தரும் விசை.
3. லிஃப்ட் அழுத்தம்: வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது உள்ள விசை.
4. முட்டு உயரம்: சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஸ்பிரிங் ஒரு குழாய் மாதிரி ஆகும் உயரம். இதைப் பட்டறையில் காயில் பைண்ட் என்பார்கள்.

கணக்கு புரிய ஒரு மாதிரி ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். இது உங்கள் வண்டியின் எண் இல்லை, அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். கம்பி 3.6 மி.மீ. தடிமன், மொத்தம் 7 சுற்று. பொருத்திய உயரம் 36 மி.மீ., அதில் சீட் அழுத்தம் 22 கிலோ. ஒவ்வொரு மி.மீ. அழுத்தும்போதும் 3 கிலோ கூடுகிறது. வால்வு லிஃப்ட் 9 மி.மீ. அப்படியானால் திறந்த உயரம் 27 மி.மீ., லிஃப்ட் அழுத்தம் 22 + 27 = 49 கிலோ. முட்டு உயரம் 7 × 3.6 = 25.2 மி.மீ. முழுக்கத் திறந்த நிலையிலும் 1.8 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. நல்ல அமைப்பு.

இப்போது லேத் பெரியவர் சீட்டை 0.7 மி.மீ. இறக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 36.7 ஆகிறது, சீட் அழுத்தம் 22-லிருந்து 19.9 கிலோவுக்கு இறங்குகிறது. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கையால் அழுத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. "கைக்கே தெரியும்" என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

## படி ஒன்று: ஸ்பிரிங்கை அளத்தல்

ஸ்பிரிங் சோதிக்கும் கருவி உள்ள பட்டறை தெரிந்தால் ஸ்பிரிங்குகளைப் பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிடுங்கள். ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அப்படி இடம் தெரியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் தராசைச் சோதியுங்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. காலி கேனைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். அளவு ஜாடியால் அளந்து சரியாக 20 லிட்டர் ஊற்றி மறுபடி வையுங்கள். வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். கேன் போடுகிறவர் கொண்டுவந்த நிலையில் வைக்காதீர்கள், அதில் 20 லிட்டர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

1. டிரில்லிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள். மேசைமேல் தராசை வையுங்கள், அதன்மேல் ஒரு தட்டையான இரும்புத் தகடு.
2. ஸ்பிரிங்கைத் தகட்டின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். அதன் தலையில் இன்னொரு தகடு. தராசில் இந்தச் சாமான்களின் எடையைப் பூஜ்யமாக்குங்கள்.
3. சக்கில் தட்டையான முனையுள்ள ஒரு தடித்த கம்பியைப் பூட்டி, கைப்பிடியால் மெல்ல இறக்குங்கள். ஸ்பிரிங் சாயாமல் நேராக அழுந்துகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் உடனே விட்டுவிட்டு மறுபடி வையுங்கள்.
4. இரண்டு தகடுகளுக்கும் இடையே வெர்னியர் வைத்து, பொருத்திய உயரம் வந்ததும் கைப்பிடியைப் பூட்டுங்கள். எடையைக் குறியுங்கள்.
5. திறந்த உயரத்துக்கு இறக்கி மறுபடி குறியுங்கள். இரண்டு எடைகளின் வித்தியாசத்தை லிஃப்ட்டால் வகுத்தால் மி.மீ.க்கு எத்தனை கிலோ என்று வரும்.
6. மூன்று தடவை அளந்து, ஒத்துவராத அளவை விட்டுவிடுங்கள்.

குறிப்பு: வீட்டில் ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒருமுறை காட்டிய எண்ணை அப்படியே நிறுத்திவைத்துக்கொள்ளும். நீங்கள் இன்னும் அழுத்தினாலும் எண் மாறாது. மளிகைக் கடைத் தராசு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு அளவுக்கும் விசையை முழுக்க விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

ஒரே செட்டில் உள்ள ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், பலமானதை எக்ஸாஸ்டுக்கும் பலம் குறைந்ததை இன்டேக்குக்கும் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் செட்டையே மாற்றிவிடுவேன்.

## படி இரண்டு: பொருத்திய உயரம்

எல்லோரும் சோம்பல்படும் இடம் இதுதான். சைக்கிள் ஸ்போக்கும் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

1. சீட் வெட்டி, வால்வு பேஸ்ட் போட்டுத் தேய்த்து, கழுவி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் பயனில்லை.
2. ஸ்பிரிங்கின் கீழே வரும் இரும்பு வாஷரை அதன் இடத்தில் வையுங்கள். வால்வைச் சொருகுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ரிடெய்னரையும் இரண்டு லாக்குகளையும் மாட்டுங்கள்.
3. ரிடெய்னரை விரலால் இறுக்கி மேலே இழுங்கள். லாக் நன்றாக உட்காரும்வரை இழுக்க வேண்டும்.
4. வாஷருக்கும் ரிடெய்னரின் அடிப்பக்கத்துக்கும் உள்ள தூரம்தான் பொருத்திய உயரம். பைக் ஹெட்டில் இந்த இடத்தில் வெர்னியர் நுழையாது. ஸ்போக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அந்த இடுக்கில் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை இரு முனையையும் அரத்தால் ராவுங்கள். பிறகு அந்தத் துண்டை மைக்ரோமீட்டரில் அளந்தால் போதும்.
5. ஒரு வால்வில் அளந்த ரிடெய்னரையும் லாக்கையும் அடுத்த வால்வுக்கு மாற்றாதீர்கள். நான்கு கிண்ணம் வைத்து, அந்தந்த வால்வின் சாமான் அந்தந்தக் கிண்ணத்தில்.

## படி மூன்று: ஷிம்

அளந்த உயரத்திலிருந்து வேண்டிய உயரத்தைக் கழித்தால் ஷிம்மின் தடிமன் வரும். நம் மாதிரிக் கணக்கில் 36.7 − 36 = 0.7 மி.மீ. கடையில் கிடைக்கும் ஷிம் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும்: 0.015, 0.030, 0.060 அங்குலம். மி.மீ.யில் சொன்னால் சுமார் 0.38, 0.76, 1.52. நமக்கு 0.76 போதும். உயரம் 35.94 ஆகும், சீட் அழுத்தம் 22.2 கிலோ. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வகை வால்வுகளுக்குள் உயர வித்தியாசம் 0.25 மி.மீ.க்குள் இருந்தால் திருப்திதான்.

இங்கே நடக்கும் தவறுகள்:

ஹார்டுவேர் கடை வாஷரை ஷிம்மாகப் போடுவது. அது மெத்து இரும்பு, ஸ்பிரிங்கின் முனை அதைத் தின்றுவிடும். தின்ற தூள் ஆயிலில் கலந்து ஊரெல்லாம் சுற்றும். பதம் போட்ட ஷிம்தான் வேண்டும்.

ரிடெய்னருக்குக் கீழே ஷிம் வைப்பது. ஷிம் எப்போதும் ஹெட் பக்கம்தான். ரிடெய்னர் பக்கம் வைத்தால் ஓடும் எடை கூடும், அந்த எடையைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு ஷிம் சேர்ப்பது. இது மிகவும் பொதுவானது, மிகவும் ஆபத்தானதும்கூட. நம் மாதிரி ஸ்பிரிங்கில் 1.52 ஷிம்மைக் கூடுதலாகப் போட்டால் முட்டு இடைவெளி 1.74-லிருந்து 0.22 மி.மீ. ஆகிவிடும். சூட்டிலும் வேகத்திலும் அது போதாது. சுருள்கள் முட்டினால் கேம் நிற்காது. புஷ்ராட் வளையும், இல்லை ராக்கர் உடையும், இல்லை ரிடெய்னரைப் பிய்த்துக்கொண்டு வால்வு சிலிண்டருக்குள் விழும். அழுத்தம் கூடக்கூட கேமின் மூக்கும் தேயும். தேவைக்கு மேல் போட்ட ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின்தான் சுமக்க வேண்டும்.

## படி நான்கு: மூன்று இடைவெளிகள்

முட்டு இடைவெளி. முழுக்கத் திறந்த நிலையில் குறைந்தது 1.5 மி.மீ. வையுங்கள். இதைவிடக் குறைத்து ஓட்டும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது முதல் எஞ்சின், அந்த வம்பு வேண்டாம். உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். முதலில் முட்டுவது பெரும்பாலும் நாம் பார்க்காமல் விட்டதாகத்தான் இருக்கும்.

ரிடெய்னருக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில். ஸ்பிரிங் இல்லாமல் வால்வை லிஃப்ட் அளவுக்குக் கீழே தள்ளிப் பாருங்கள். அந்த நிலையில் ரிடெய்னரின் அடி சீலின் தலையிலிருந்து 1.5 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். லிஃப்ட் அதிகமான கேம் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில். களிமண் இதற்குத்தான்.

1. பிஸ்டன் தலையில் வால்வு இறங்கும் இடங்களில் ஐந்தாறு மி.மீ. தடிமனாகக் களிமண்ணை அப்புங்கள். மேலே ஒரு துளி ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் வால்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.
2. ஏற்கெனவே ஒருமுறை இறுக்கிய பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டுங்கள். புதுக் கேஸ்கெட் நசுங்காமல் தடிமனாக நின்று பொய் சொல்லும்.
3. கேம் டைமிங்கைச் சரியாக வைத்து, டேப்பட் இடைவெளியையும் வையுங்கள்.
4. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது தடுத்தால் பலம் கொடுக்காதீர்கள். நிறுத்தி, ஏன் என்று பாருங்கள். செல்ஃப் ஸ்டார்ட்டரை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.
5. ஹெட்டைக் கழற்றி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தை அளங்கள்.

இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல் என்றால், அது சூட்டில் நீளும், பிஸ்டன் மேலே ஏறிவரும்போது அதைத் துரத்திக்கொண்டு வருவதும் எக்ஸாஸ்டைத்தான். களிமண்ணின் ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் துடைத்தெடுங்கள்.

## படி ஐந்து: கட்டுதல்

மேசைமேல் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் நடுவில் ஹெட்டை வையுங்கள். லாக் தெறித்தால் வெள்ளைத் துணியில் கண்ணில் படும். சிமெண்டுத் தரையில் விழுந்த லாக்கைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு.

1. தண்டில் எஞ்சின் ஆயில் தடவி வால்வைச் சொருகுங்கள். புது ஆயில் சீலை விரலால் அழுத்தி உட்காரவையுங்கள்.
2. ஷிம், அதன்மேல் இரும்பு வாஷர், அதன்மேல் ஸ்பிரிங். ஒரு பக்கம் சுருள் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் நெருக்கமான பக்கம் கீழே, ஹெட்டைப் பார்த்து. தலைகீழாகப் போட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் தேவையில்லாத எடையை ஆட்டிக்கொண்டிருக்கும்.
3. இரட்டை ஸ்பிரிங்கில் உள்ளும் வெளியும் எதிரெதிர்த் திசையில் சுற்றியிருக்க வேண்டும். ஒரே திசையில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் சுருளுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு வேறு செட்டுகளிலிருந்து எடுத்து ஜோடி சேர்க்காதீர்கள்.
4. கம்ப்ரஸரை நேராக வைத்து, லாக் நுழையும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். லாக்கில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் தண்டோடு ஒட்டி நிற்கும்.
5. மெல்ல விடுங்கள். இரண்டு லாக்குகளின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் மறுபடி அழுத்தி மாட்டுங்கள்.
6. எல்லாம் மாட்டிய பிறகு, வால்வு நுனியில் துணி வைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. லாக் சரியாக உட்காராவிட்டால் இப்போதே தெறித்துவிடும். கண்ணாடி கண்ணில்தானே இருக்கிறது?

2008 வாக்கில் வந்த யு.சி.இ. புல்லட் எஞ்சினை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். வால்வு ஒரு கணம் பறந்தால்கூட அந்த இடைவெளியை டேப்பட் ஆயிலால் நிரப்பிவிடும். பிறகு வால்வு முழுக்க மூடாது, பவர் சட்டென்று போய்விடும். இந்த எஞ்சினில் ஆர்.பி.எம். ஆசை வேண்டாம்.

## முதல் ஓட்டம்

புது ஸ்பிரிங்கை முதல் ஸ்டார்ட்டிலேயே ரெட்லைனுக்குத் தூக்காதீர்கள். மிதமான ஆர்.பி.எம்.மில் பதினைந்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடுங்கள். கைவைத்துப் பார்க்கும் அளவுக்கு முழுக்க ஆறட்டும், நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ஆறிய பிறகு டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். ஒரு வால்வில் மட்டும் இடைவெளி மாறியிருந்தால் லாக் இறங்கியிருக்கிறது, இல்லை சீட் சரியில்லை. புது ஸ்பிரிங் தொடக்கத்தில் கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும், அது இயல்பு. அந்த இழப்புக்குப் பிறகு அளந்த எண்தான் உங்கள் உண்மையான தொடக்க எண்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலோ வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலோ சோதிக்க வேண்டாம். இதைச் சொல்வது போலீஸுக்குப் பயந்து மட்டும் இல்லை. வால்வு விழுந்தால் எஞ்சின் இறுகும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், உங்கள் பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கும். வண்டியை டெம்போவில் ஏற்றி, வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் பெங்களூரு சாலைக்குத் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை தூரமில்லை. பயிற்சி நாள் எப்போது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

தடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேல் ஆர்.பி.எம்.மில் எஞ்சின் தடுமாறினால் அது ஃப்ளோட்டா, பெட்ரோல் பற்றாக்குறையா என்று பிரித்தறிய வேண்டும். எந்த கியரில் இருந்தாலும் ஒரே ஆர்.பி.எம்.மில் சுவரில் மோதியது மாதிரி நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். நீண்ட நேர்ச்சாலையில் முழு திராட்டிலில் கொஞ்ச நேரம் போன பிறகே மூச்சு வாங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று, ரெவ் லிமிட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். 3.7 கி.மீ. தடத்தில் நேர்ச்சாலை முடிந்து பிரேக் பிடிக்கும் இடத்தில், அவசரத்தில் ஒரு கியர் அதிகமாக இறக்கினால் பின் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். லிமிட்டர் தீப்பொறியை நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து டேப்பட் மூடியைத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு ரேஸ் வாரத்துக்குப் பிறகும் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். சீசனுக்கு ஒருமுறையாவது ஸ்பிரிங்கைக் கழற்றித் தராசில் வையுங்கள். தொடக்க எண்ணிலிருந்து பத்து சதவீதம் இறங்கியிருந்தால், பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தச் செட் குப்பைக்குத்தான். அதை நண்பனுக்குக் கொடுக்காதீர்கள், புதுப்பேட்டையிலும் போடாதீர்கள். அரத்தால் குறுக்கே நாலு கீறு கீறி, யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி செய்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.